அண்ணனா தம்பியா: ‘மமாஹாஹா நோ த்ஸுரேகோ கா மோட்டோகானோ தத்தா’ பார்த்தவர்கள் வாங்க

நடுநிசி_சப்

2022 ஜூலையில் ஓடியபோது மூன்றாவது எபிசோடிலேயே விட்டுவிட்ட ஜப்பானிய அனிமே தொடர் இது. போன வாரம் காய்ச்சலில் படுத்துக்கிடந்தேன், வேறு வேலை இல்லை, பன்னிரண்டு எபிசோடையும் முடித்தேன். அன்றைக்கு ஏன் விட்டேன் என்று இப்போது என்மேலேயே கோபம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மிசுடோ இரிடோ, யுமே அயாய். நடுநிலைப் பள்ளியில் காதலர்கள். இரண்டு பேரும் புத்தகப் புழுக்கள், வகுப்பில் யாரோடும் ஒட்டாதவர்கள். பள்ளி முடியும்போது கசந்துபோய்ப் பிரிகிறார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மிசுடோவின் அப்பாவும் யுமேயின் அம்மாவும் மறுமணம் செய்துகொள்கிறார்கள். இனி ஒரே வீடு, ஒரே குளியலறை, ஒரே சாப்பாட்டு மேசை. பெற்றவர்களுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்பதில் மட்டும் பிள்ளைகள் இருவரும் ஒரே கட்சி.

எல்லோரும் இதை ‘மறுபடி சேருவார்களா’ என்ற கதையாகவே பார்க்கிறார்கள். எனக்கு இது வேறாகத் தெரிந்தது. இது முழுக்க முழுக்க கூப்பிடுவதைப் பற்றிய கதை. யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் சண்டை.

காதலித்தபோது அவள் அவனை ‘இரிடோ-குன்’ என்பாள். அவன் அவளை ‘அயாய்’ என்பான். இரண்டுமே குடும்பப்பெயர், ‘குன்’ மரியாதைக்கு ஓர் ஒட்டு. அந்தக் கூச்ச சுபாவிகளுக்கு அதுவே பெரிய நெருக்கம். இப்போது அவளும் இரிடோ ஆகிவிட்டாள். ஒரு வீட்டில் நான்கு இரிடோ இருக்கும்போது ‘இரிடோ-குன்’ என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்? வேறு வழியில்லாமல் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டியிருக்கிறது. ஜப்பானில் காதலர்கள் பல மாதம் தயங்கித் தயங்கி வந்து சேரும் இடம் அது. காதலித்தபோது எட்டாத நெருக்கம், பிரிந்த பிறகு முகவரி மாறியதால் கிடைக்கிறது. இதை ஒரு வசனத்திலும் விளக்கவில்லை, அதனால்தான் எனக்குப் பிடித்தது.

அப்புறம் அந்த விளையாட்டு. இருவருக்கும் பிறந்தநாள் ஒரே நாள். அதனால் யார் மூத்தவர் என்பதே தீராத வழக்கு. ஒரு விதி போடுகிறார்கள்: உடன்பிறந்தவர் செய்யாத ஒன்றை யார் செய்கிறாரோ அவர் தோற்றார், அந்தத் தடவைக்கு அவர்தான் இளையவர். ஆங்கில சப்டைட்டிலில் இது பாதி செத்துவிடுகிறது. அங்கே ‘பிரதர்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பெரிய, சின்ன என்று ஓர் ஒட்டு போட வேண்டும். நமக்கு ஒட்டே வேண்டாம். அனி என்றால் அண்ணன், ஓட்டோட்டோ என்றால் தம்பி, அனே அக்கா, இமோட்டோ தங்கை. அச்சு வார்த்தது போல் பொருந்துகிறது. மனசுக்குள் தமிழில் மாற்றிப் பார்த்த பிறகுதான் எனக்குச் சிரிப்பே வந்தது.

மற்றவர்களுக்கு எப்படி இருந்தது? கடைசி எபிசோடைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் முதல் வரியில் ஸ்பாய்லர் என்று போட்டுவிடுங்கள்.

ஸ்கிப்_இண்ட்ரோ

ப்ரோ, அண்ணன் தங்கை காதல். பெயரைப் பார்த்ததுமே ஓடிவிட்டேன். இதற்குக் கட்டுரை வேறயா.

நடுநிசி_சப்

@ஸ்கிப்_இண்ட்ரோ ஓடினது தப்பில்லை, இந்த ஜானரில் ஓட வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஆனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் காதல், அது முடிந்த பிறகுதான் உறவு. ஒன்றாக வளர்ந்தவர்கள் காதலிக்கிற கதை இல்லை இது. காதலித்தவர்களை ஒரே கூரைக்குக் கீழே தள்ளி, ‘இனி ஒழுங்காக உடன்பிறப்பாக இரு’ என்றால் எப்படி முழிப்பார்கள் என்பதுதான் கதை. தலைப்பிலேயே அது இருக்கிறது. ‘த்ஸுரேகோ’ என்றால் மறுமணம் செய்பவர் தன்னோடு கூட்டிவரும் பிள்ளை. ‘சித்தியின் கூட வந்த பிள்ளை என் பழைய காதலி’ என்று சொல்லலாம். வெறுமனே ‘சித்தி மகள்’ என்று தமிழில் போட்டால் அம்மாவின் தங்கை மகள் என்று நினைத்து அடிக்க வருவார்கள்.

புளியமரத்துப்_பூனை

நான் நாவல் படித்துவிட்டு அனிமேக்கு வந்தவள். பின்னணி கொஞ்சம் சொல்கிறேன்.

எழுதியவர் காமிஷிரோ க்யோசுகே. முதலில் கடோகவா பதிப்பகத்தின் ‘காகுயோமு’ இணையதளத்தில் வந்த கதை, அங்கே நடந்த போட்டியில் பரிசு பெற்று, 2018 டிசம்பரில் ஸ்னீக்கர் புன்கோ வெளியீடாக முதல் தொகுதி வந்தது. படங்கள் தகாயாகி. மங்காவும் (படக்கதை) உண்டு. அனிமே செய்தது ப்ராஜெக்ட் நம்பர் 9, இயக்கம் யானகி ஷின்சுகே, திரைக்கதை அமைப்பு அகாவோ டெகோ.

நாவலின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், இரண்டு பேரும் மாறி மாறி ‘நான்’ என்று சொல்லும் கதை அது. அவன் பகுதியில் அவள் கல்நெஞ்சக்காரி. அவள் பகுதிக்குப் போனால் அதே நிமிடத்தில் அவள் கை நடுங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேருமே பொய் சொல்கிறார்கள், அதுவும் நமக்கு இல்லை, தங்களுக்கே. அனிமேயிலும் பின்குரலில் இதைச் செய்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் படிக்கும்போது அவன் சொன்ன வாக்கியத்தை அவள் பகுதியில் திரும்பச் சந்திக்கிற அந்தச் சின்ன அதிர்ச்சி, திரையில் நாலு நொடியில் போய்விடுகிறது. நடுநிசி மூன்றாவது எபிசோடில் விட்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பெயர் விஷயம் பேசியதால் இன்னொன்று. ‘யுமே’ என்று கேட்டால் கனவு என்றுதான் எல்லோரும் நினைப்போம். அவள் பெயரை எழுதும் கான்ஜி (சீன வழி வந்த எழுத்து) வேறு. முதல் எழுத்துக்குக் ‘கட்டு, முடிச்சு’ என்று பொருள், இரண்டாவது ‘பெண்’. திருமணம் என்ற சொல்லிலும் அந்த முடிச்சு எழுத்துதான் வரும்.

சுண்டல்_சுண்டேரே

குரல்களைப் பற்றி யாரும் பேசவில்லையே! மிசுடோவுக்கு ஷிமோனோ ஹிரோ. டீமன் ஸ்லேயரில் ஜெனிட்சுவாகத் தொண்டை கிழியக் கத்துகிற அதே மனுஷன். இங்கே குரலை உயர்த்துவதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுகிறார். யுமேவுக்கு ஹிதாகா ரினா. பெற்றோர் முன்னால் ஒரு குரல், கதவு சாத்தியதும் ஒரு குரல். அந்த மாற்றத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும்.

ஓப்பனிங் பாட்டை நான் ஸ்கிப் பண்ணவே இல்லை. மேலே இருக்கிற நண்பர் பெயரைப் பார்த்தால் அவர் பண்ணியிருப்பார்.

வடமராட்சியான்

எனக்கு இந்தத் தொடரில் பிடித்தது இசானா மட்டும்தான். ஹிகாஷிரா இசானா. மற்ற இரண்டு பேரும் சும்மா சும்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க, இந்தப் பிள்ளை நூலகத்தில் ஜன்னலோரம் லைட் நாவலோடு இருந்து, மனதில் பட்டதை அப்படியே கதைக்கிறாள். கூச்சம் இருக்கிறது, நாடகம் இல்லை.

அவள் காதலைச் சொல்லி, மிசுடோ மறுத்து, அதற்குப் பிறகு நடப்பதுதான் நான் ரொமான்ஸ் காமெடியில் காணாத விஷயம். வழமையாக அதோடு அந்தப் பெண் பாத்திரம் முடிந்தது. கண்ணீர், மழை, பின்னணியில் பியானோ. இவள் திரும்பி வந்து அவன் பக்கத்தில் இருந்து முன்னைப்போலவே புத்தகம் பற்றிக் கதைக்கிறாள். அழவில்லை என்று இல்லை, அழுதாள். ஆனால் சிநேகிதம் காதலுக்குக் கொடுத்த முற்பணம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தோமிட்டா மியுவின் குரல், அந்த மந்தமான இழுவை, அச்சாப் பொருத்தம்.

நடுநிசி_சப்

@வடமராட்சியான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் வந்த பிறகு இரண்டு மூன்று எபிசோட் யுமே பக்கமே ஓரமாகிவிடுகிறது. மிசுடோவும் இசானாவும் பேசுவதைப் பார்க்கும்போது, இவனுக்கு ஏற்றவள் இவள்தானே என்று எனக்கே தோன்றிவிட்டது. கதாசிரியர் தன் நாயகிக்கு எதிராக இத்தனை நல்ல சாட்சியைக் கூண்டில் ஏற்றலாமா?

அப்புறம் உடலைக் காட்டிக் கண்ணை இழுக்கிற காட்சிகள். முதல் எபிசோடில் அவள் குளித்துவிட்டு வெறும் துண்டோடு வந்து நிற்பது விளையாட்டின் ஒரு பகுதி, அவனைத் தோற்கடிக்கப் போட்ட கணக்கு, சரி. இசானா விஷயத்தில் கேமராவுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

புளியமரத்துப்_பூனை

எதிர்சாட்சி இல்லாமல் போனால் யுமே வளரவே மாட்டாள், நடுநிசி. இசானாவைப் பார்த்துத்தான் அவளுக்கு ஒன்று உறைக்கிறது. தான் காதலித்தபோது எப்படி இருந்தாளோ அதே மாதிரி ஒரு பெண். ஒதுங்கி, புத்தகத்துக்குள் ஒளிந்து. அந்தப் பெண்ணாக இருந்ததை விட்டு வெளியே வந்து, நண்பர்கள் சேர்த்து, முடி அலங்காரம் மாற்றி, வகுப்பில் முதலிடம் வாங்கியவள் இன்றைய யுமே. பிரிவுக்குக் காரணமே அந்த மாற்றம்தான். அவளுக்கு மற்றவர்களோடு பேச வந்துவிட்டது, அவனுக்குப் பொறாமை. அவன் இன்னொரு பெண்ணோடு பேசியதைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம். பெரிய துரோகம் எதுவும் இல்லை. சில்லறைத்தனமான இரண்டு கோபங்கள், மன்னிப்பு கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, மாதக்கணக்கில் அப்படியே இறுகிப்போயிற்று. நிஜத்தில் பதினாலு வயதுக் காதல் இப்படித்தான் முடியும்.

ஸ்கிப்_இண்ட்ரோ

சரி, நேற்று ராத்திரி இரண்டு எபிசோட் பார்த்தேன். சிரிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. கடைசியில் சேர்ந்தாலும் கல்யாணம் பண்ண முடியாதே? ஒரே குடும்பம், ஒரே குடும்பப்பெயர். அப்புறம் எதற்கு இவ்வளவு?

சட்டம்_படித்தவன்

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன்.

முடியும். ஜப்பான் சிவில் சட்டத்தின் 734-வது பிரிவு தடுப்பது நேர்வழி இரத்த உறவையும், பக்கவழியில் (உடன்பிறந்தவர், மாமா, அத்தை போன்றவர்கள்) மூன்றாம் நிலை வரையிலான இரத்த உறவையும். மறுமணத்தில் ஆளுக்கு ஒருவராகக் கூட்டிவந்த பிள்ளைகளுக்குள் இரத்த உறவே கிடையாது. அப்பா அந்தப் பெண்ணை முறைப்படி தத்தெடுத்திருந்தால் கூடப் பரவாயில்லை, தத்துப்பிள்ளைக்கும் தத்துக் குடும்பத்தின் பக்கவழி உறவினருக்கும் அதே பிரிவில் விலக்கு எழுதியிருக்கிறார்கள். நான்காம் நிலை என்பதால் அங்கே சித்தப்பா மகளைக்கூடச் சட்டப்படி மணக்கலாம். நமக்கு அத்தை மகள் என்றால் பரிசம், சித்தப்பா மகள் என்றால் பாவம். இரத்தத்தின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், முறைதான் வேறு.

குடும்பப்பெயர் விஷயம் இதைவிடச் சுவை. 750-வது பிரிவுப்படி கணவனும் மனைவியும் ஒரே குடும்பப்பெயர் வைத்தாக வேண்டும். ஆனால் மனைவி கூட்டிவரும் பிள்ளையின் பெயர் தானாக மாறாது. ஒன்று, புது அப்பா தத்தெடுக்க வேண்டும். அல்லது 791-வது பிரிவின்படி குடும்ப நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி மாற்ற வேண்டும். பிள்ளைக்கு 15 வயது ஆகிவிட்டால் அந்த விண்ணப்பத்தை அதுவே போடலாம். உயர்நிலைப் பள்ளியில் சேரும் ஜப்பானியப் பிள்ளைக்கு 15 முடிந்திருக்கும்.

கதையில் எந்த வழியில் மாற்றினார்கள் என்பது என் வாதத்துக்கு முக்கியம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கொஞ்ச நாளுக்கு முன் எவனை இனி முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று பிரிந்தாளோ, அவனுடைய பெயரைத் தன் பெயராக்கக் கேட்டு அந்தப் பெண் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்கலாம். கல்யாணப் படிவம் இல்லாமலேயே.

புளியமரத்துப்_பூனை

@சட்டம்_படித்தவன் இதை ஒரு காட்சியாக எழுதாமல் விட்டார்களே என்று இப்போது ஆற்றாமையாக இருக்கிறது.

தேன்மொழி_வா

வழக்கமாக நான் படித்துவிட்டுப் போகிறவள், எழுதுவதில்லை. கூப்பிடுவது பற்றிய பேச்சு என்பதால் எழுதுகிறேன்.

எனக்குப் பதினாறு வயதில் அம்மா மறுமணம் செய்துகொண்டார். நல்ல மனிதர், இப்போதும் நல்ல மனிதர்தான். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அப்பா என்று வாய் வராது, அங்கிள் என்றால் அம்மா முகம் வாடும், சார் என்றால் சிரிப்பார்கள். இரண்டு வருடம் ஒன்றும் சொல்லாமலேயே ஓட்டினேன். ‘இங்க பாருங்க’, ‘ஒரு நிமிஷம்’, அவ்வளவுதான். காய்கறிச் சந்தையில் அவர் பத்தடி தள்ளி நின்று வெண்டைக்காய் ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் போய்த்தான் தோளைத் தொட வேண்டும். தூரத்திலிருந்து கூப்பிட என்னிடம் வார்த்தை இல்லை.

அதனால் இந்தத் தொடரில் எல்லோரும் சிரிக்கிற இடத்தில் எனக்கு வேறு மாதிரி இருந்தது. சாப்பாட்டு மேசையில் பெற்றோர் முன்னால் இரண்டு பேரும் ‘-குன்’, ‘-சான்’ போட்டு மரியாதையாகப் பேசுகிறார்கள் இல்லையா? காதலை மறைக்கிற நடிப்பு என்று நினைப்போம். எந்தப் புதுக் குடும்பத்திலும் முதல் ஆறு மாதம் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். மறைக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

மிசுடோவின் அம்மா அவனைப் பெற்ற கொஞ்ச நாளிலேயே போய்விட்டவர். அப்பாவும் பிள்ளையுமாக இருந்த வீடு. அங்கே திடீரென்று இரண்டு பெண்களின் செருப்பு, ஷாம்பு, சத்தம். அவன் அதைப்பற்றி ஒரு புகாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா?

நடுநிசி_சப்

@தேன்மொழி_வா நான் கவனிக்கவில்லை. அந்தப் பகுதிகளை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். நன்றி அக்கா. (மூத்தவரா தெரியாது, தோற்றால் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

தேன்மொழி_வா

அக்காதான். சந்தேகம் வேண்டாம்.

சுண்டல்_சுண்டேரே

இந்த மாதிரி வேறு என்ன இருக்கிறது என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள், இங்கேயே சொல்கிறேன்.

பழசு வேண்டும் என்றால் ‘மார்மலேட் பாய்’. யோஷிசுமி வாதாருவின் மங்கா, அனிமே 1994–95, 76 எபிசோட். இரண்டு தம்பதிகள் ஹவாய்க்குச் சுற்றுலா போன இடத்தில் பழகி, ஜோடியை மாற்றிக்கொண்டு, எல்லோரும் ஒரே வீட்டில் இருப்போம் என்று முடிவெடுப்பார்கள். மிகி என்ற பெண் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு ‘இதெல்லாம் நியாயமா’ என்று கத்துவாள், ஒருத்தரும் காதில் வாங்கமாட்டார்கள். அதற்கு முன்னால் நம்ம தொடர் ரொம்பச் சாது.

புதுசு என்றால் ‘கிமாய் செய்காட்சு’, 2024 ஜூலையில் வந்தது, ஸ்டுடியோ டீன். யூடியூப் காணொளியாகத் தொடங்கி நாவலான கதை. அதில் இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள். எதிர்பார்ப்பு வைக்க வேண்டாம், எதுவானாலும் வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று முதல் நாளே ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். நம்ம ஜோடிக்கு நேர் எதிர், இதுகள் எதையுமே வாயைத் திறந்து சொல்லாது. ரொம்ப மெதுவாகப் போகும், பாத்திரம் கழுவுகிற சத்தம் கூடக் கேட்கும். எனக்குப் பிடித்தது, என் தோழி தூங்கிவிட்டாள்.

வடமராட்சியான்

ஸ்பாய்லர், கடைசி இரண்டு எபிசோட்.

ஊருக்குப் போகிற பகுதியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கோடை விடுமுறையில் மிசுடோவின் அப்பா வழி உறவினரின் பழைய வீட்டுக்குப் போகிறார்கள். உறவினர் கூட்டம் கலகலவென்று கதைத்துக்கொண்டிருக்க, மிசுடோ ஆளைக் காணோம். தேடிப்போனால் கொள்ளுத்தாத்தாவின் புத்தக அறையில் தனியாக இருக்கிறான். அந்த மனிதர் தன் வாழ்க்கையை எழுதிவைத்த ஒரு புத்தகம் அங்கே இருக்கிறது. சின்ன வயதில் அதைப் படித்துத்தான் இவன் இப்படி ஆனான் என்று யுமேவுக்குத் தெரியவருகிறது. ஒன்றரை வருடம் காதலித்தவள், அந்த அறையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. காதலியாக நுழைய முடியாத அறைக்குள் குடும்பத்தில் ஒருத்தியாக நுழைந்துவிட்டாள். இந்தத் தொடரைக் குறை சொல்லிக்கொண்டே பார்த்த எனக்கு அந்த இடத்தில் வாய் அடைத்துப்போனது.

பிறகு திருவிழா, வாணவேடிக்கை, அவள் தானாக முத்தம் கொடுக்கிறாள். விளையாட்டு விதிப்படி பார்த்தால் படுதோல்வி. ஆயுளுக்கும் தங்கைதான்.

புளியமரத்துப்_பூனை

ஸ்பாய்லர்.

அந்த முத்தம் பழைய காதலுக்காகக் கொடுத்தது இல்லை. பழைய அயாயை அவன் நினைவில் வைத்திருக்கிறான் என்பதுதான் அவளுக்கு இப்போது இடைஞ்சல். இன்றைய யுமேயை அவன் காதலிக்க வேண்டும் என்று அவள் போர் தொடுக்கிறாள். தன் முந்தைய பிறவியோடு தானே போட்டி போடுகிறாள். அனிமே அங்கே நிறுத்தியது எனக்குச் சரியாகவே பட்டது, விற்பனைக்காக அறுத்த மாதிரி இல்லை. அது நாலாவது தொகுதியின் முடிவு. மேலே தெரிய வேண்டும் என்றால் ஐந்தாவது தொகுதியிலிருந்து படிக்கலாம், ஆங்கிலத்தில் ஜே-நாவல் கிளப் வெளியிடுகிறது. ஆனால் நான் முதல் தொகுதியிலிருந்தே தொடங்கச் சொல்வேன், காரணம் மேலே எழுதிவிட்டேன்.

அகாட்சுகியையும் கோகுரேவையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்றாக வளர்ந்து, காதலித்து, பிரிந்த இன்னொரு ஜோடி. யுமேயின் மேல் உள்ள பிரியத்தில், அவளுக்கு உறவாக வேண்டும் என்பதற்காகவே மிசுடோவைக் கட்டிக்கொள்ளத் துடிக்கிற பெண் அகாட்சுகி. தோழியை நாத்தனார் ஆக்கிக்கொள்வதற்காகக் கல்யாணம்! இந்த ஒரு நகைச்சுவைக்கு உலகத்திலேயே நம்மைவிட நன்றாகச் சிரிக்கக்கூடிய ரசிகர்கள் இருக்க முடியாது.

ஸ்கிப்_இண்ட்ரோ

முடித்துவிட்டேன். ஓப்பனிங் கடைசி நாலு எபிசோடில் ஸ்கிப் பண்ணவில்லை. இதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன்.

சுண்டல்_சுண்டேரே

@ஸ்கிப்_இண்ட்ரோ பெயரை மாற்று, 791-வது பிரிவு இருக்கிறது.

நான் ஏன் இந்தத் தொடரை மூன்று தடவை பார்த்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு இரட்டை அக்கா. நாலு நிமிடம் மூத்தவள். அந்த நாலு நிமிடத்தை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக என்னிடம் தண்ணீர் எடுத்துவா, ஃபேனைக் குறை, கதவைச் சாத்து என்று வேலை வாங்குகிறாள். மிசுடோ-யுமே விதியை வீட்டில் அமல்படுத்தலாம் என்று போன தீபாவளிக்கு முன்மொழிந்தேன். முதல் நாளே நான் தோற்றேன், இரண்டாம் நாள் அவள் தோற்றாள், மூன்றாம் நாள் அம்மா வந்து ‘அவ அக்காடி’ என்று ஒரே வரியில் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

இதோ, கூப்பிடுகிறாள். சார்ஜர் வேண்டுமாம். வரேன்.